துறைமுகக் கரையில் செபமாலை: பெண்கள் காத்த ஒரு மரபு

திருகோணமலையில் பொழுது சாயும் வேளைக்கென்று சில ஒலிகள் உண்டு. சுவாமிமலைப் பக்கமிருந்து கோயில் மணி கேட்கும். பள்ளிவாசல்களில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். அதே நேரத்தில் கத்தோலிக்க வீடுகளின் முன்விறாந்தையில் மெழுகுதிரி ஏற்றப்படும். பாய் விரிக்கப்படும். வீட்டில் மூத்த பெண் சிலுவை அடையாளம் போட்டு முதற் குரல் எடுப்பார். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்துடன் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். இந்நகரில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண்கள் எவருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கத்தோலிக்கரல்லாத தோழியரிலும் பலர், நண்பியின் வீட்டில் செபம் முடியும்வரை வாசற்படியில் காத்திருந்தவர்களே.

செபமாலை வல்லமையுள்ளது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தோம். பரீட்சைக்கும் நோய்க்கும் செபமாலை சொன்னோம். கடலுக்குப் போனவர் திரும்பத் தாமதித்தாலும் அதைத்தான் சொன்னோம். கேட்டது கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் தனிப்பட்ட வேண்டுதல்களின் கணக்கைப் பார்க்கவில்லை. இந்தத் தீவிலும் இந்தத் துறைமுகக் கரையிலும் செபமாலை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக என்ன செய்தது என்பதையே பார்க்கிறோம். கோயிலும் குருவும் புத்தகமும் பள்ளியும் பறிக்கப்பட்ட காலங்களிலும் ஒரு மக்கள் கூட்டத்தின் விசுவாசம் அழியாமல் நின்றிருக்கிறது. அதற்கு இந்த மணிமாலையும், அதைப் பிடித்திருந்த பெண்களின் கைகளும் பெருங்காரணம். செபமாலையின் வல்லமையைப் பற்றி வரலாறு சொல்லும் சாட்சி இதுவே.

மணியும் மாலையும்

மணிகளை எண்ணிச் செபிப்பது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சைவர் கையில் 108 மணிகள் கொண்ட உருத்திராக்க மாலை உண்டு. இஸ்லாமியர் கையில் 99 அல்லது 33 மணிகள் கொண்ட தஸ்பீஹ் உண்டு. செபமாலை என்ற நமது சொல்லே, இந்நாட்டுச் சமயங்கள் நெடுங்காலமாகக் கையாண்ட சொல்தான். சிங்களக் கத்தோலிக்கர் 'கொந்தய' என்பர். மணி என்று பொருள்படும் 'கொந்தா' என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அது வந்தது. தமிழரோ வெளிநாட்டிலிருந்து வந்த பக்திக்குத் தம் வீட்டிலிருந்த சொல்லையே வைத்துக்கொண்டனர்.

ஐரோப்பாவில் இந்த வழக்கம் எழுத்தறியாதவர்களின் செபமாகவே வேரூன்றியது. மடங்களில் துறவியர் 150 சங்கீதங்களை இலத்தீனில் ஓதினர். வாசிக்கத் தெரியாத எளியவர்கள் அதற்கு ஈடாக முதலில் 150 தடவை பரலோக மந்திரத்தையும், பின்னர் 150 தடவை மரியன்னைக்குரிய வாழ்த்தையும் சொல்லலாயினர். எண்ணிக்கை தவறாமலிருக்கக் கூழாங்கற்களையும் முடிச்சிட்ட கயிறுகளையும் பயன்படுத்தினர். புனித சாமிநாதருக்கு மரியன்னையே செபமாலையை அளித்தார் என்பது நெடுநாளைய மரபு. 15ஆம் நூற்றாண்டில் சாமிநாதர் சபைத் துறவியான ஆலன் தெ லா ரோஷ் இந்த மரபைப் பரப்பினார். 1475இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் நிறுவப்பட்ட செபமாலைச் சபையில் ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி மக்கள் சேர்ந்தனர்.

1569இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் செபமாலைக்கு ஓர் ஒழுங்கான வடிவத்தை உறுதிப்படுத்தினார். சந்தோஷம், துக்கம், மகிமை என ஐந்தைந்தாகப் பதினைந்து தேவ இரகசியங்களைத் தியானிக்கும் முறை அவ்வாறு நிலைபெற்றது. கிறிஸ்துவின் பிறப்பு, பாடுகள், உயிர்ப்பு எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. வேதாகமத்தை வாசிக்கத் தெரியாத ஒரு தாய், நற்செய்தியை விரல் நுனியில் வைத்துக்கொள்ளும் வழி இது.

கப்பலில் வந்த செபம்

தமிழில் இந்தச் செபங்கள் நமது அச்சுப் புத்தகங்களைவிட மூத்தவை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மரியன்னை வாழ்த்து ஆகியவற்றைத் தமிழில் அமைத்து மனனஞ் செய்தார். கைமணியை அடித்துத் தெருத் தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார். கற்ற பிள்ளைகளே வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது, இந்தச் செபங்கள் ஏற்கனவே ஒரு தலைமுறையின் வாயில் புழங்கியிருந்தன. நமது அம்மம்மாமார் 'பிரியதத்த மந்திரம்' என்று சொல்லி வந்ததும், இன்று நாம் 'அருள்நிறை மரியே' என்று சொல்வதும் அந்த நீண்ட வாய்மொழித் தொடரின் வழித்தோன்றல்களே.

இந்த இடத்தில், திருகோணமலையைச் சேர்ந்த நாம் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். செபமாலையைக் கொண்டுவந்த கப்பல்களிலேயே பீரங்கியும் வந்தது. 1571 ஒக்டோபர் 7ஆம் திகதி லெபாந்தோ கடற்போரில் கிறிஸ்தவக் கடற்படை துருக்கியரின் கடற்படையை வென்றது. அந்த வெற்றி செபமாலையின் பலன் என்று ஐந்தாம் பத்திநாதர் கருதினார். வெற்றி அன்னையின் திருநாளாகத் தொடங்கிய அந்த நாளே இன்று நாம் கொண்டாடும் செபமாலை அன்னை திருநாள். போர்வெற்றியோடு செபமாலையை இணைத்துப் பார்த்த காலம் அது. அந்தக் காலத்தின் மனிதர்களே நமது துறைமுகத்துக்கும் வந்தனர். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சாவின் காலத்தில், தேவாரப் பாடல் பெற்ற திருக்கோணேச்சரம் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. பிற்காலத்தில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அந்தக் கோட்டையின் வாயிலைக் கடந்துதான் இன்றும் நாம் கோயிலுக்குச் செல்கிறோம்.

இரு சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த பள்ளியின் மலரில் இதைச் சொல்லாமல் செபமாலையின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பீரங்கி வைத்திருந்தவர்கள் தோற்றுப் போனார்கள். கோட்டை கைமாறியது. அதன்பின் செபமாலைக்கு என்ன நேர்ந்தது என்பதில்தான் அதன் உண்மையான பலம் தெரிய வருகிறது.

குருவில்லாத காலம்

1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். அவர்களது ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இல் கட்டளை பிறந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் ஆராதனைக் கூடங்களாக மாற்றப்பட்டன. ஞானஸ்நானமும் திருமணமும் அந்தச் சபையிலேயே நடைபெறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. திருப்பலியோ பாவசங்கீர்த்தனமோ நோயில் பூசுதலோ இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தன. ஒரு முழுத் தலைமுறை குருவின் முகத்தையே காணாமல் வளர்ந்தது.

1687இல் கோவாவிலிருந்து வந்த ஓரட்டோரியன் சபைக் குரு ஒருவர், கூலியாள் போல வேடமணிந்து, யோவான் என்ற இளைஞனோடு இத்தீவில் இறங்கினார். வழியில் கடும் நோயுற்று, மெலிந்த உடலோடு யாழ்ப்பாணத்தை அடைந்தார். அவரே புனித யோசேவ் வாஸ். அவருக்கு முன் இருந்த முதற் பிரச்சினை எளியது, ஆனால் பெரிது. யார் கத்தோலிக்கர் என்று எப்படி அறிவது? வாய் திறந்து கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, பதில் சொன்னவருக்கும் ஆபத்து.

அவர் ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கச் சென்றார். தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாலையைக் கண்டவர்களின் முகத்தை மட்டும் கவனித்தார். பெரும்பாலோருக்கு அது ஒரு பரதேசியின் மணிமாலை. சிலருடைய கண்கள் மட்டும் அதில் நிலைத்து நின்றன. அப்படி நின்ற கண்களின் வழியாகவே முதற் கத்தோலிக்கக் குடும்பங்களை அவர் கண்டுகொண்டார். பின்னர் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் திருப்பலி நடந்தது, பகலில் அவர் மறைந்திருந்தார்.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். வாஸ் அடிகளாரின் துணிவையும் யுக்தியையும் வியந்திருக்கிறோம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முப்பது ஆண்டுகள் செபமாலை சொல்லப்படாமல் இருந்திருந்தால், அந்த மாலையை அடையாளங் காண யார் இருந்திருப்பார்? இளையவர்கள் குருவையோ திருப்பலியையோ கண்டதில்லை. எனினும் அந்த மணிகள் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒருவர், கதவை அடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், நாள்தோறும் அவர்களுக்குக் காட்டியிருந்ததால் தெரிந்திருந்தது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்குக் கூடியவர்களை ஒல்லாந்த அதிகாரிகள் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தனர். முன்னணியில் நின்றவர்கள் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். வாஸ் அடிகளார் வன்னிக்கும், பின்னர் 1692இல் கண்டிக்கும் சென்றார். உளவாளி என்ற சந்தேகத்தில் கண்டியில் சிறை வைக்கப்பட்டார். நாளடைவில் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். கோவாவிலிருந்து துணைக் குருமார் வந்து சேரும்வரை ஏறத்தாழ பத்து ஆண்டுகள், இத்தீவு முழுவதற்கும் அவரே தனிக் குருவாக நின்று உழைத்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார்.

ஒரு குரு ஓர் ஊருக்கு வருடத்தில் ஒருமுறை வருவதே அரிது. மற்ற நாட்களில் செபத்தை நடத்தவென்று ஓரட்டோரியன் குருமார் ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நியமித்தனர். ஞாயிற்றுக்கிழமையில் மக்கள் கூடிச் செபமாலையும் பிரார்த்தனையும் சொன்னார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705இல் வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள், குருவில்லாத அந்தக் கூட்டங்களில் உரத்து வாசிக்கப்படவே பெரிதும் பயன்பட்டன.

அடுப்படியில் நடந்த மறைக்கல்வி

மூப்பர்களும் அண்ணாவிமாரும் ஆண்கள். அவர்களுடைய பணி நூல்களில் எழுதப்பட்டது. வீட்டுக்குள் நடந்த பணி எழுதப்படவில்லை. ஆனாலும் சில இடங்களில் அதன் சாயல் தெரிகிறது.

மருதமடு அன்னையின் வரலாற்றைப் பாருங்கள். 1670இல் ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சி மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றன. யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து தப்பிய இன்னொரு கூட்டத்தாரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். அங்கே முதற் கோயிலை எழுப்ப முன்னின்றவர் போர்த்துக்கேயத் தளபதி ஒருவரின் மகளான எலேனா என்ற பெண் என்று மரபு சொல்கிறது. குருவில்லாத காட்டில், சுரூபத்தின் முன் முழந்தாளிட்ட அந்த மக்கள் சொல்லக்கூடிய பொதுச் செபமாகச் செபமாலையே இருந்தது. இன்று ஆடி 2ஆம் திகதியும் ஆவணி 15ஆம் திகதியும் இலட்சக்கணக்கானோர் கூடும் திருத்தலம், ஓர் அகதி முகாமாகவே தொடங்கியது.

தூர தேசத்து எடுத்துக்காட்டு ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டு, குருமார் அனைவரும் கொல்லப்பட்டோ துரத்தப்பட்டோ போயினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கு எவரும் வெளிப்படையாகக் கிறிஸ்தவராக இருக்கவில்லை. 1865 மார்ச் 17ஆம் திகதி நாகசாக்கியில், புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா கோயிலுக்கு ஊராக்கமி கிராமத்தவர் சிலர் வந்தனர். அவர்களில் ஒரு பெண், பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஜான் அடிகளாரை அணுகி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று காதோடு சொல்லி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். ஏழு தலைமுறையாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குச் சென்ற செபங்கள் அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டன.

சில்லாலையும் நாகசாக்கியும் சொல்வது ஒன்றே. திருப்பலிக்குக் குரு வேண்டும். வேதாகமத்துக்கு எழுத்தறிவு வேண்டும். ஊர்வலத்துக்கு வீதியும் அனுமதியும் வேண்டும். செபமாலைக்கு இவை எதுவும் வேண்டாம். மாலை இல்லாவிட்டால் பத்து விரல்கள் போதும். உலை வைத்துக்கொண்டும் தொட்டிலை ஆட்டிக்கொண்டும் சொல்லலாம். ஆகவே அது பெண்களின் கைக்கு வந்தது. அவர்கள் கையிலிருந்து எந்த அரசாலும் அதைப் பறிக்க முடியவில்லை.

நமது நகரிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் சமூகத்தையும் இங்கே நினைவுகூரலாம். ஒல்லாந்தர் காலத்தையும் பிரித்தானியர் காலத்தையும் கடந்து, தங்கள் போர்த்துக்கேய வழக்குமொழியையும் கத்தோலிக்க விசுவாசத்தையும் வீட்டுக்குள்ளேயே பேணி வந்தவர்கள் அவர்கள். மொழியானாலும் செபமானாலும், வீட்டில் காக்கப்படுவதைக் காப்பவர் பெரும்பாலும் பெண்களே.

கதவுகள் திறந்தபோது

1795இல் திருகோணமலை பிரித்தானியர் வசமாயிற்று. 1806இல் தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை நீக்கினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின், கத்தோலிக்கர் வெளிப்படையாகச் செபிக்க முடிந்தது. கதவை அடைத்துச் சொன்ன செபமாலை வாசற்படிக்கு வந்தது, பின்னர் வீதிக்கு வந்தது.

அந்த நூற்றாண்டின் இறுதியில், பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1883இல் ஒக்டோபர் மாதத்தைச் செபமாலை மாதமாக அனுசரிக்கும்படி உலகத் திருச்சபையைக் கேட்டார். செபமாலையைப் பற்றி ஆண்டுதோறும் என்று சொல்லுமளவுக்குச் சுற்றுமடல்களை எழுதியதால் அவரைச் செபமாலையின் பாப்பரசர் என்றே அழைப்பர். அதே பதின்மூன்றாம் லியோதான் 1893 ஆகஸ்ட் 25ஆம் திகதி திருகோணமலை மறைமாவட்டத்தை உருவாக்கினார். நமது மறைமாவட்டமும் செபமாலை மாதமும் ஒரே பாப்பரசரின் காலத்தவை.

புதிய மறைமாவட்டம் யேசுசபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னர் கேரளத்தின் கோட்டயத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் லவீஞ் ஆண்டகை 1898இல் ஆயரானார். பின்வந்த கஸ்தோன் ரொபிஷே ஆண்டகையும், அமெரிக்கரான இக்னேசியஸ் கிளெனி ஆண்டகையும் பள்ளிகளை வளர்த்தனர். அருட்சகோதரிகளின் கன்னியர் மடங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தன. இந்தக் காலத்தில்தான் செபமாலையின் கதையில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. எழுத்தறியாத பெண்களுக்குத் துணையாக இருந்த செபம், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களின் கைக்கு வந்தது. தாய் மனனமாகச் சொன்னதை மகள் செபப்புத்தகத்தில் வாசித்தாள். தாய் வீட்டுக்குள் வழிநடத்தியதை மகள் பங்கில், மரியாயின் சேனையில், அன்பியத்தில் வழிநடத்தினாள்.

நம்போன்ற பள்ளிகளில் ஒக்டோபர் மாதம் வந்தால் மதிய இடைவேளையில் மாதா கெபியின் முன்னால் வரிசை நிற்கும். கட்டாயமில்லை என்று சொல்லப்பட்டபோதும், சைவப் பிள்ளைகள் சிலர் பூக்களுடன் வந்து நிற்பார்கள். அவர்களில் சிலர் இன்றும் செபமாலையின் வரிசையை மறக்கவில்லை. கோணேச்சரத்தின் கற்களை நினைக்கும்போது, இந்தச் சிறு காட்சியின் பெறுமதி நமக்கு விளங்கும். பீரங்கியோடு வந்த ஒரு செபத்தை, பலம் யாவும் இழந்தபின் எளியவர்கள் பிடித்துக்கொண்டனர். அதனால்தான் பிறசமயப் பிள்ளை ஒருத்தி அச்சமின்றி அதன் அருகில் நிற்கக்கூடியதாயிற்று.

குண்டும் கடலும்

இருபதாம் நூற்றாண்டு இந்தத் துறைமுகத்தை மறுபடியும் சோதித்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாட்களின் பின், 9ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடாவும் தாக்கப்பட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். போர் தொடங்கிய காலத்தில், 1940இல், கொழும்பு பேராயர் மசோன் ஆண்டகை, இலங்கை பேரழிவிலிருந்து காக்கப்பட்டால் மாதாவுக்கு ஒரு பெருங்கோயில் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். றாகமைக்கு அருகில் தேவத்தையில் இன்று நிற்கும் இலங்கை அன்னை பேராலயம் அந்த நேர்ச்சையின் நிறைவேற்றம்.

1983க்குப் பின் வந்த ஆண்டுகளை இந்த மலரின் வாசகியர்க்கு விவரிக்கத் தேவையில்லை. மக்கள் கோயில்களிலும் பள்ளிகளிலும் தஞ்சம் புகுந்தனர். வீதிகள் அடைக்கப்பட்டன. குருமார் செல்ல முடியாத ஊர்கள் மீண்டும் உண்டாயின. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் சென்ற அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் அவரோடு சென்ற இளைஞரும் காணாமற்போயினர். அவர்களைப் போலவே காணாமற்போன எத்தனையோ பேரின் தாய்மார் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். துக்க தேவ இரகசியத்தின் ஐந்தாவதில், சிலுவையடியில் நிற்கும் தாயைத் தியானிக்கும்போது, அந்தப் பெண்களுக்கு எந்த விரிவுரையும் தேவைப்படவில்லை. 2008இல் மருதமடு அன்னையின் சுரூபமே யுத்தத்தின் நடுவே தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, மாதங்கள் கழித்துத் திரும்பியது. 1670இல் போலவே அன்னையும் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்தார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் காலையில் கடல் எழுந்து வந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எனக் கரையெங்கும் சாவு. இறந்தவர் எந்தச் சமயத்தவர் என்று கடல் பார்க்கவில்லை. அந்த நாட்களில் நலன்புரி நிலையங்களில் மாலையானதும் செபமாலை சொல்லப்பட்ட மூலைகள் இருந்தன. தொழுகை நடந்த மூலைகளும் தேவாரம் பாடிய மூலைகளும் அவற்றின் அருகிலேயே இருந்தன.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளின் பின், பாதுகாப்புக் கருதி ஆலயங்களில் ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டில் பெருந்தொற்று ஊரடங்கு வந்தது. ஒரே வருட இடைவெளியில் இருமுறை, ஆலயக் கதவுகள் மூடிய ஞாயிற்றுக்கிழமைகளைக் கண்டோம். என்ன செய்தோம்? பாயை விரித்தோம். நமது முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் செய்ததையே தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன்னால் இருந்து செய்தோம்.

வல்லமை எது?

செபமாலையை ஒரு மந்திரக் கயிறாகத் திருச்சபை ஒருபோதும் கற்பிக்கவில்லை. 1974இல் பாப்பரசர் ஆறாம் பவுல் எழுதிய திருமடலில், தியானம் இல்லாத செபமாலை உயிரற்ற உடலுக்கு ஒப்பாகும் என்று எச்சரித்தார். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்து, குடும்பத்துக்காகவும் சமாதானத்துக்காகவும் இதைச் சொல்லுமாறு கேட்டார். லெபாந்தோவில் போர்வெற்றிக்காகச் சொல்லப்பட்ட செபம், இவ்வாறு சமாதானத்தின் செபமாக முன்வைக்கப்பட்டது. யுத்தம் கண்ட நமக்கு இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

யோசேவ் வாஸ் அடிகளார் 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அன்று பிற்பகலே பாப்பரசர் பிரான்சிஸ் மருதமடுவுக்குச் சென்று, யுத்தத்தில் உறவுகளை இழந்த சிங்களவரும் தமிழரும் அருகருகே நின்ற கூட்டத்தோடு செபித்தார். கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்கு வந்த மனிதருக்கும், காட்டுக்குள் சுரூபத்தைத் தூக்கிச் சென்ற குடும்பங்களுக்கும் ஒரே நாளில் கிடைத்த மரியாதை அது. ஆனால் அந்த மாலையை அடையாளங்கண்டு கதவைத் திறந்தவர்களின் பெயர் எந்தப் பீடத்திலும் இல்லை. அவர்களே நமது முன்னோர்.

இன்று நமக்கு எந்த அரசும் தடை விதிக்கவில்லை. கட்டளையும் இல்லை, சிறையும் இல்லை. ஆனாலும் பல வீடுகளில் மாலைச் செபம் அடங்கிவிட்டது. மாலை நேர வகுப்பும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்த அரைமணி நேரத்தை எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்கின்றனர். அவர்களில் பலருக்குத் தமிழில் செபமாலை சொல்லத் தெரியாது. ஒல்லாந்தரின் மரண தண்டனையால் செய்ய முடியாததை நமது அவசரம் செய்துவிடுமோ என்பதுதான் இந்த வரலாற்றைப் புரட்டும்போது எழும் அச்சம்.

அதே வேளையில் நம்பிக்கையும் உண்டு. செபமாலை எப்பொழுதும் குறைந்த பலத்தோடு தப்பிப் பிழைத்த ஒன்று. அதற்கு ஒரு வீட்டில் ஒருவர் போதும். நமது சங்கத்தின் நூறு ஆண்டுகளில் இப்பள்ளியிலிருந்து வெளியேறிய ஆசிரியைகள், தாதியர், தாய்மார், துறவியர் எத்தனையோ பேர். அவர்களில் கத்தோலிக்கராய் இருந்தவர்கள் தம் பையில் ஒரு செபமாலையையும் எடுத்துச் சென்றனர். அதை யாரிடம் கொடுக்கப்போகிறோம் என்ற கேள்வியை இந்த நூற்றாண்டு விழா நம் ஒவ்வொருவர் முன்னும் வைக்கிறது. இவ்வாண்டு ஒக்டோபரில், வீட்டில் ஒரு பிள்ளையை, பேரப்பிள்ளையை, அல்லது கைப்பேசியின் மறுமுனையில் இருக்கும் மருமகளை அழைத்து, ஒரு பத்து மணியை மட்டும் சேர்ந்து சொல்லிப் பார்ப்போம். முதற் பாதியை நாம் சொல்வோம். மறுபாதியைச் சொல்ல ஒரு குரல் இருக்கும்வரை இந்த மரபு அழியாது.